பூசையில் வைத்த பாடத்திட்டம்

விரலை வைத்தால் வரவு பதியும் மெஷின் ஒன்றைக் கல்லூரிச் சுவரில் பூட்டிய வாரம், பூரணிக்கு ஐந்து நாளும் 'வரவில்லை' என்று விழுந்தது. அந்த ஐந்து நாளும் காலை ஆறே முக்காலுக்கே வந்து, படி முழுக்கக் கூட்டித் துடைத்தவள் அவள்தான். இருபத்திரண்டு வருசம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை என்று என்ன மிஞ்சியிருக்கும்? பெருவிரலை வைப்பாள், மெஷின் சிவப்பு வெளிச்சம் காட்டிக் கத்தும். ஆள்காட்டி விரலை வைப்பாள், அதற்கும் கத்தும். பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. இருந்தாலும் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

ஆறாம் நாள் காலையில், வெப் டிசைன் படிப்பிக்கும் பிரேமினி மிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மெஷின் சரியில்லக்கா. என் வெரலயும் எடுக்க மாட்டேங்குது. நாம ரெண்டு பேரும் நம்பர் அடிப்போம், வாங்க" என்று சொல்லி, நாலு இலக்கம் எழுதிய துண்டொன்றைப் பூரணியின் கையில் வைத்து மடக்கினார். அன்று முதல் பூரணியும் நம்பர் அடித்தாள், மிஸ்ஸும் நம்பர் அடித்தார். இரண்டு வருசம் கழித்து மெஷின் திருத்த வந்த ஆள் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் பூரணிக்குத் தெரிந்தது: மிஸ்ஸின் விரலில் ஒரு பழுதும் இல்லை, முதல் நாளே சுத்தமாகப் பதிந்துவிட்டது. பூரணி தனியாக நிற்கக் கூடாது என்று, அத்தனை நாளும் தன் விரலையும் அவர் பழுதென்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கல்லூரி என்பது பெரிய பெயர்தான். ஹட்டன் டவுனிலிருந்து இரண்டு மைல் மேலே, மூடிக் கிடந்த தேயிலை ஸ்டோர் ஒன்றை வாங்கித் திருத்தியது. அந்தக் காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மேல்மாடியில் இப்போது இருபத்து நாலு கம்பியூட்டர் இருக்கிறது. சுற்றுவட்டத் தோட்டங்களில் சாதாரண தரம், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் ஒரு வருசம் வந்து படித்து, சேர்டிபிகேட் வாங்கிப் போவார்கள். நடத்துகிறவர் துரைராசா சேர், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருவரும் பார்த்ததில்லை.

பிரேமினி மிஸ்ஸுக்குச் சொந்த ஊர் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம். அப்போது முப்பத்திரண்டு வயசு. அவருக்கும் நாற்காலிக்கும் ஆகாது. நின்றுகொண்டு படிப்பிப்பார், நடந்துகொண்டு தேத்தண்ணி குடிப்பார். குடித்த கோப்பையை எங்கே வைத்தோம் என்று அவருக்கே தெரியாது. பின்னேரம் பூரணி கோப்பை பொறுக்கப் போவாள். ஜன்னல் கட்டையில் ஒன்று, பிரிண்டர் மேல் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என்று ஆறு கோப்பை கிடைக்கும். ஆறிலும் பாதித் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும்.

"இந்த மிஸ்ஸு வயித்துக்கும் ஒழுங்கா ஒண்ணும் போறதில்ல, மனசுக்கும் நிம்மதி இல்ல. தாயே, நீதான் பாத்துக்கணும்" என்று அந்தக் கோப்பைகளைக் கழுவும்போது அவள் சொல்லிக்கொள்வாள்.

பூரணியின் மகள் தனுஜாவும் அந்த மேல்மாடியில் படித்தவள்தான். மிஸ்ஸின் வகுப்பில் முதலாவதாக வந்து, மிக உயர்ந்த தேர்ச்சியான 'விசேட சித்தி' என்று எழுதிய சேர்டிபிகேட்டோடு கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போனாள். அங்கிருந்த ஐயா அவள் செய்த இணையப் பக்கத்தைத் தன் கைப் போனில் திறந்து பார்த்திருக்கிறார். பக்கம் பாதிக்கு மேல் வெளியே போய்விட்டது. எழுத்தெல்லாம் கசகசா மாதிரித் தெரிந்ததாம். அவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "நங்கி, இது நாங்க ஸ்கூல் போன காலத்து மொறை" என்று சிங்களத்தில், தங்கச்சி முறை வைத்துத் தன்மையாகச் சொல்லி, தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிட்டார். தனுஜா பின்னேர ரயிலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலைக்கு நிற்கிறாள். இதைப் பூரணி கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. மிஸ்ஸின் மனசு நோகக் கூடாது என்று அவளுக்கு.

ஆனால் மறைத்து வைக்கிறதெல்லாம் ஒரு நாள் சந்தைக்கு வந்துவிடும். ஒரு சனிக்கிழமை பூரணி சாமான் வாங்க டவுனுக்கு இறங்கி, மகளின் கடையில் நின்றபோது, உடைந்த போனுக்குக் கண்ணாடி ஒட்ட பிரேமினி மிஸ் உள்ளே வந்தார்.

"தனுஜா! நீ இங்கயா?"

"வேற எங்க மிஸ்? போனுக்குச் சட்டை போட்டு விடுற வேல. இதுக்கு யாரும் சேர்டிபிகேட் கேக்கல."

"இன்டர்வியூ போனியே, என்னாச்சு?"

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே செஞ்சு கொண்டு போனேன் மிஸ். அதான் ஆச்சு."

பூரணி மகளின் கையைக் கிள்ளினாள். "வாய மூடுடி. மிஸ்ஸுகிட்ட பேசுற பேச்சா இது?"

"விடுங்கக்கா, சொல்லட்டும்" என்றார் மிஸ். பிறகு நடந்தது முழுவதையும் ஒன்று விடாமல் கேட்டார். போனைக்கூட வாங்க மறந்து வெளியே போனவரை, தனுஜாதான் ஓடிப் போய்க் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில், நாற்காலிக்கு ஆகாத அந்த மிஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தடித்த பைல் ஒன்று. பூரணி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"அவ சின்னப்புள்ள. மனசுல வச்சிக்காதீங்க மிஸ்."

"அவ சொன்னது சரிக்கா. இதுதான் நாங்க படிப்பிக்கிற பாடத்திட்டம். எழுதிப் பதினோரு வருசம் ஆச்சு. இதுல உள்ள பாதி இப்ப உலகத்துலயே இல்ல. இல்லாதத நான் நல்லாப் படிப்பிச்சிருக்கேன்."

"அப்புடி என்னா மிஸ் மாறிப்போச்சு?"

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "தோட்டத்துல நாம குடியிருக்கிற ஒத்த அறை, லயத்துக் காம்பரா இருக்குல்ல? பத்துக்குப் பன்னெண்டு. புள்ள பொறந்தாலும் அதே அளவு, மருமக வந்தாலும் அதே அளவு. நாங்க பக்கம் கட்டச் சொல்லிக் குடுக்கிறது அப்புடித்தான். பெரிய கம்பியூட்டருக்கு அளவெடுத்துக் கட்டுறோம். நம்ம சனம் பாக்குறது எதுல? இத்தனூண்டு போன்ல."

"அப்ப தச்ச சட்ட மாதிரின்னு சொல்லுங்க. ஒருத்தி அளவுக்குத் தச்சா இன்னொருத்திக்கு ஏறாது. சேலன்னா அப்புடியில்ல. ஒல்லியா இருக்கவளும் அதத்தான் கட்டுறா, குண்டா இருக்கவளும் அதத்தான் கட்டுறா. கொசுவம் கூடும், கொறையும். அம்புட்டுத்தான்."

மிஸ் பேனையை எடுத்துப் பைலின் பின்னட்டையில் 'சேலை' என்று எழுதினார். எழுந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி துரைராசா சேரின் அறைக்குப் போனார்.

அறையைத் துடைக்கிற சாட்டில் பூரணியும் பின்னால் போனாள். சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா உந்தப் பாடத்திட்டத்தைத் தொடப் போனா, அங்கீகாரம் குடுக்கிற கொழும்பு ஒபிசில இருந்து வந்து ஆயிரம் கேள்வி கேப்பினம். இருக்கிற அங்கீகாரமும் போச்சுதெண்டா அவ்வளவு பிள்ளையளும் ரோட்டில நிக்கும்."

"இப்பவும் ரோட்லதான் சேர் நிக்கிறாங்க. கையில சேர்டிபிகேட்டோட."

சேர் வெளியே மழையைப் பார்த்தார். பூரணி துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"மூண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் மாத்த விடுவினம்" என்றார் கடைசியில். "இந்த முறை புரட்டாதி முடியுமட்டும் திறந்திருக்கு. அவையின்ர இணையப் பக்கத்தால அனுப்ப வேணும். எழுதும். ஆனா ஒண்டு, நான் வாசிச்சு, என்ர கையால சரியெண்டு அமத்தினாத்தான் போகும்."

அன்று தொடங்கிய ஓட்டம் இரண்டு மாதம் ஓடியது. பகலில் பழைய பாடத்தைப் படிப்பித்தார் மிஸ், பரீட்சை அதில்தானே. மற்ற நேரமெல்லாம் புதியதை எழுதினார். எழுதியதை வெட்டினார், வெட்டியதைத் திரும்ப எழுதினார். பஸ்ஸில் வரும்போதே போனில் எதையாவது வாசித்துவிட்டு, இறங்கி ஓடி வந்து, "நேத்து எழுதினது இன்னிக்குப் பழசாயிருச்சிக்கா" என்பார். பூரணி எடுக்கும் கோப்பைகள் ஒன்பதாகின.

"மிஸ், இது சிலபஸா இல்ல சீரியலா? முடியவே முடியாதா?" என்று கேட்டான் வகுப்பில் வாய்த்துடுக்கான சுமன்.

"முடிஞ்சா அன்னிக்கே பழசுடா" என்றார் மிஸ்.

இந்த நாட்களில்தான் பூரணிக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. பிள்ளைகள் பழகிப் பார்க்கக் கட்டிய பக்கங்களை மிஸ் பூரணியின் போனில் திறந்து கொடுப்பார். மூலையில் வெடித்த கண்ணாடி உள்ள போன் அது. "அக்கா, இதுல அடுத்த கிளினிக் எப்பன்னு கண்டுபுடிங்க பாப்போம்" என்பார். பூரணி நாலாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்து கிள்ளப் போனவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். சில பக்கத்தில் சட்டென்று கிடைக்கும். சில பக்கத்தில் தேடித் தேடி வியர்த்துவிடும்.

"எனக்குப் படிப்பு இல்ல மிஸ், அதான் தெரியல" என்பாள்.

"நீங்க பெயில் இல்லக்கா. கட்டினவன் பெயில்" என்பார் மிஸ்.

அதையே கடைசிப் பரீட்சையாகவும் எழுதிவிட்டார்: கம்பியூட்டர் படிக்காத ஒருவர், விலை குறைந்த போன் ஒன்றில், யாரிடமும் கேட்காமல் தனக்கு வேண்டியதைப் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால்தான் கட்டியவருக்குச் சித்தி. இதை வாசித்த துரைராசா சேர், "எந்த நாட்டுப் பாடத்திட்டத்தில உது இருக்கு?" என்று கேட்டார்.

"நம்ம நாட்டுல இருக்கட்டுமே சேர்."

கடைசி நாளும் வந்தது. அன்று ஆயுத பூசை. பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பு அலுவலகத்தின் இணையக் கதவு பூட்டிவிடும். பிறகு மூன்று வருசத்துக்குப் பழைய பாடம்தான். முதல் நாள் பின்னேரம், "முடிஞ்சிருச்சிக்கா, எல்லாம் முடிஞ்சிருச்சி" என்று மிஸ் கை தட்டிச் சொன்னதைப் பூரணி தன் காதால் கேட்டாள். அனுப்பியும் ஆயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். விடிந்ததும் மிஸ்ஸின் மனசில் இன்னொரு வரி பிழையாகத் தெரிந்ததும், அதைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் கேட்க மத்தியானம் அவர் போனில் பேசச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனதும் அவளுக்குத் தெரியாது.

நவராத்திரிக்கு எடுக்கும் வாணி விழா என்றால் அந்தக் கல்லூரியில் பூரணியின் விழாதான். ஒன்பது நாளும் ஒரு நேரம் சாப்பாடு. மாவிலை இந்தக் குளிரில் கிடைக்காது, பொல்பிட்டியப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் சொல்லி வைத்துக் கட்டாக எடுப்பிப்பாள். மேல்மாடியில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, கல்லூரியின் ஆயுதமெல்லாம் அடுக்குவாள்: வரவுப் புத்தகம், சேர்டிபிகேட்டில் குத்தும் முத்திரை, கம்பியூட்டர் அறைச் சாவி, துரைராசா சேரின் பேனை. இருபத்து நாலு கம்பியூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்து, அறையைப் பூட்டி, சாவியை அம்மன் காலடியில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி வரை அதை யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு மிஸ்ஸின் லெப்டொப் ஆசிரியர் மேசையில் தனியாக இருந்தது. இந்தப் பிள்ளை இரண்டு மாதம் பட்ட பாட்டுக்கு அம்மன் நல்ல வழி காட்ட வேண்டும் என்று நினைத்து, அதை எடுத்து எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தாள். திறந்து, எழுத்துக் கட்டைகளின் மேல் பூத் தூவினாள். கீழே விரல் வைத்துத் தடவுகிற சதுரத்தில் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டாள்.

சேர் தேங்காய் உடைத்துத் தீபம் காட்டினார். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்து சுண்டல் கொடுக்கும்போது நேரம் மூன்று பத்து. மழையில் நனைந்த தலையோடு மிஸ் படியேறி வந்தார்.

"அக்கா, என் லெப்டொப் எங்க?"

பூரணி சந்தோசமாகக் கையைக் காட்டினாள். "அங்க பாருங்க மிஸ். நடுவுல வச்சேன்."

மிஸ்ஸின் முகம் மாறியதைப் பார்த்ததும் நீட்டிய கையை இறக்கினாள்.

"இன்னும் அனுப்பலக்கா."

துரைராசா சேர் சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

"பூசையில வைச்சாச்சு பிள்ளை. இனி எடுக்கேலாது. நாளைக்கு விடிய எடுத்து அனுப்புவம்."

"நாளைக்குக் கதவு பூட்டியிருக்கும் சேர். மூணு வருசம்."

"ரெண்டு மாசமா என்ன செய்தனீர்? நேத்து அனுப்பியிருக்கலாந்தானே?"

தப்பு தன்னுடையதுதான் என்று மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது. நேரே போய் மாடிப்படியில் நின்று போனை எடுத்தார். பாடத்திட்டத்தின் பிரதி ஒன்று மின்னஞ்சலில் இருந்தது. கல்லூரி வைஃபையில் கொழும்பு அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்தார். பூரணி தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பக்கம் பாதிக்கு மேல் வெளியே போய்விட்டது. எழுத்தெல்லாம் கசகசாவாகத் தெரிந்தது. பிரதியை ஏற்றுகிற பொத்தான் வலது பக்கத்தில் எங்கேயோ ஒளிந்திருந்தது. மிஸ் இழுத்தார், பொத்தான் பாதி தெரிந்தது. அமத்தினார், ஒன்றும் ஆகவில்லை. பெரிதாக்கினார், சிறிதாக்கினார், போனைப் படுக்க வைத்தார்.

"பாருங்கக்கா. பாடத்திட்டத்துக்குச் சரி சொல்ற ஆபீஸோட பக்கம். இதுவும் தச்ச சட்ட" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டவுனுக்கு ஓடினால் ஒரு கடையில் கம்பியூட்டர் கிடைக்கும். ஆனால் அடுத்த பஸ் நாலு மணிக்கு. அந்த மழையில் இரண்டு மைல் நடந்து இறங்கினாலும் நேரம் போய்விடும். மிஸ் மேல்மாடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். திரும்பி நடந்தார். பலகைத் தளம் கிறீச் கிறீச்சென்றது. 'எடுத்துக் குடுங்கக்கா' என்று ஒரு வார்த்தை அவர் பூரணியிடம் கேட்கவில்லை. விளக்கின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூரணிதான் பார்த்தாள். ஒன்பது நாள் விரதம். பூசையில் வைத்ததைத் தொட்டால் படிப்புப் போகும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். யாருடைய படிப்பு? அதை நினைத்ததும் போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டு நிற்கும் தனுஜாவின் குனிந்த தலை மனசில் வந்தது. இன்னும் மூன்று வருசம். இந்தச் சுமனும், இனி வரப்போகிற பிள்ளைகளும், விசேட சித்தியோடு ரயிலேறிப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். தாயின் கையில் ஏடு இருந்தது, வீணை இருந்தது. பூட்டும் சாவியும் இல்லை.

"தாயே, பாவம்னா எனக்கு வரட்டும். அந்தப் புள்ளைங்களுக்கு வேணாம்" என்று கும்பிட்டாள். முழங்கால் போட்டு, லெப்டொப்பை வாழையிலையிலிருந்து தூக்காமல், இலையோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பூரணி! என்ன செய்யுறீர்?" என்றார் சேர்.

"வெளிய எடுக்கல சேர். இங்கயே இருக்கட்டும், பூசையிலயே. அவ மொகத்துக்கு முன்னுக்கே வச்சு அனுப்பட்டும். அம்மா பாத்துக்கிட்டிருக்கட்டுமே. வாங்க மிஸ், உக்காருங்க."

மிஸ் ஓடி வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். நேரம் மூன்று முப்பத்தெட்டு. லெப்டொப் உயிர் பெற்றது. ஆனால் விரலைத் தடவினால் அம்புக்குறி அசையவில்லை. சந்தனம் காய்ந்து, அந்தச் சதுரம் முழுக்கச் சாந்து பூசியதுபோல் இறுகியிருந்தது.

"ஐயோ, நான்தான் அப்பினேன்!"

"பரவால்லக்கா, பரவால்ல, தொடைங்க."

பூரணி முந்தானையை நனைத்துத் துடைத்தாள். சுமன் சுண்டல் கரண்டியோடு வந்து, "அக்கா, தண்ணி உள்ள போயிறாம! ஐயோ, மெதுவா!" என்று கத்தினான். எழுத்துக் கட்டைகளுக்குள் பூவிதழ் சிக்கியிருந்தது. ஒன்றை அமத்தினால் மூன்று எழுத்து விழுந்தது. பிள்ளைகள் குனிந்து ஊதினார்கள். மூன்று நாற்பத்தாறுக்கு அம்புக்குறி அசைந்தது. மூன்று நாற்பத்தொன்பதுக்குப் பாடத்திட்டம் ஏறியது. 'அதிபரின் சம்மதம்' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

எல்லோரும் துரைராசா சேரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அங்கே இல்லை.

"சேர் எங்க?"

"கீழ பைப்படியில நிக்கிறார் மிஸ்" என்றான் ஜன்னலால் எட்டிப் பார்த்த சுமன். "கால் கழுவுறார்."

"கடவுளே!"

சேர் அவசரப்படவில்லை. இரண்டு காலும் கழுவி, கையும் முகமும் கழுவி, சால்வையால் ஒற்றி, படியேறி வந்து திருநீறு பூசினார். அம்மனைக் கும்பிட்டார். பிறகு குனிந்து, கடைசிப் பரீட்சை எழுதியிருந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தார். நேரம் மூன்று ஐம்பத்தாறு.

"பூசையில இருக்கிறதைத் தொடுறதெண்டா சுத்தமாத் தொட வேணும்" என்று சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் அமத்தினார்.

'கிடைத்தது' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் விளக்கே ஒரு தரம் ஆடியது. மிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு இலைக்கு முன்னால் அப்படியே இருந்தார். பூரணி லெப்டொப்பை மூடி, புதிதாகச் சந்தனம் இட்டு, பழையபடி நடுவில் வைத்தாள். இந்த முறை மூடியின் மேல்தான் இட்டாள்.

வந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டு முடித்தபோது, எதற்காகக் கேட்கிறோம் என்று அவளுக்கே சரியாக விளங்கவில்லை. கேட்டது கேட்டதாக இருக்கட்டும் என்று தேங்காயை உடைத்துவிட்டு வந்தாள்.

தை மாதம் கடிதம் வந்தது. பாடத்திட்டம் ஏற்கப்பட்டது. ஒரு கேள்வி மட்டும் இருந்தது: கடைசிப் பரீட்சையை நடத்துகிறவரின் கல்வித் தகைமை என்ன? மிஸ் யோசிக்காமல் 'நான்காம் வகுப்பு' என்று எழுதி அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருசத்துப் பிள்ளைகளுக்கே புதிய பரீட்சை வைத்தார்கள். அதில் பூரணியின் கையால் முதலில் விழுந்தவன் சுமன். கந்தப்பளைத் தோட்டமொன்றுக்குக் கிளினிக் நாள் காட்டும் பக்கம் கட்டியிருந்தான். பூரணி பத்து நிமிசம் தேடினாள், கிடைக்கவில்லை.

"பட்டன் இத்தாம் பெருசா இருக்கேக்கா! கண்ணு தெரியலயா?"

"பெருசாத்தான் இருக்கு தம்பி. என்னா சொல்லுதுன்னு வெளங்கலியே."

"பூரணியக்கா என்னைப் பெயிலாக்கிட்டாங்க" என்று அவன் ஒரு வாரம் எல்லோரிடமும் முறையிட்டுத் திரிந்தான். பிறகு திருத்திக்கொண்டு வந்தான். திருத்திய பக்கத்தில் பூரணிக்கு மூன்றே நொடியில் கிடைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். தனுஜா மட்டும் திரும்ப வகுப்புக்கு வரவில்லை. மிஸ் கூப்பிட்டும் பார்த்தார். "இன்னொரு வருசத்துக்கு எனக்கு மனசு இல்ல மிஸ்" என்றாள். ஆனால் புதிய பாடக் குறிப்புகளைப் போனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கி, கடையில் ஆள் இல்லாத நேரம் வாசிக்கிறாள்.

மிஸ்ஸுக்கு அதோடு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு மாதத்துக்குள், வாயால் சொன்னால் தானே பக்கம் கட்டிக் கொடுக்கிற செயலி ஒன்று எல்லார் கையிலும் வந்துவிட்டது. மிஸ் புதிய பாடத்திட்டத்தின் ஓரமெல்லாம் பேனையால் எழுதத் தொடங்கினார். அடுத்த முறை மாற்ற இன்னும் இரண்டு வருசத்துக்கு மேல் இருந்தது. கோப்பைகள் திரும்ப ஒன்பதாகின. அந்த நேரம்தான், மற்ற மாவட்டங்களில் உள்ள ஆசிரியர்களுக்குப் புதிய பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வரச் சொல்லிக் கொழும்பிலிருந்து கேட்டார்கள். மூன்று நாள் நடந்து நடந்து யோசித்துவிட்டு, போவதென்று முடிவெடுத்தார்.

போகிற அன்று பூரணி ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்தாள். கையில் கோயில் விபூதிப் பொட்டலமும் ரொட்டியும் இருந்தன. கொழும்பு பஸ்ஸில் மிஸ் ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பூரணி பொட்டலத்தை மேலே நீட்டினாள்.

"நேரத்துக்குச் சாப்புடுங்க மிஸ். எனக்கு வேற என்னா சொல்றதுன்னு தெரியல."

"புது மிஸ் வாற கெழம வாறாங்க. நல்லவங்க."

"நீங்க எழுதி வச்சதத்தான படிப்பிப்பாங்க? அது போதும் எங்களுக்கு."

பஸ் உறுமத் தொடங்கியது. மிஸ் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் நகர்ந்து கை விடுபடும் வரை பேசினார்.

"போதாதுக்கா. நான் எழுதினதும் பழசாயிரும். பேப்பர்ல உள்ளத அவங்க அப்புடியே படிப்பிப்பாங்க, நானும் அப்புடித்தான படிப்பிச்சேன். உங்களுக்கு ஒரு பக்கம் வாசிக்க முடியலன்னா, எனக்குப் படிப்பு இல்லன்னு மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்துடாதீங்க. அன்னிக்கே போய் சேர்கிட்ட சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."